தறி நிற்கும் நாளின் கணக்கு: தொழில் நடப்பு நிர்வாகத்திற்கு ஓர் அறிமுகம்

சென்ற ஆண்டு திருத்தணி வட்டாரத்தில் ஒரு கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் ஏடுகளைப் பார்வையிடச் சென்றிருந்தேன். சங்கத்தின் பெயர் இங்கு வேண்டுவதன்று. அந்நிலையில் உள்ள சங்கங்கள் பல. நூல் இருப்பு ஏட்டோடு ஒத்திருந்தது. ரொக்கம் ஒத்திருந்தது. கூலிப் பட்டுவாடாப் பட்டியலிலும் குறையொன்றும் இல்லை. ஆயினும் வந்த ஆணைகளுக்கு உற்பத்தி போதவில்லை. ஆகவே மேலும் 10 தறிகள் வாங்குவதற்குக் கடன் கோரி நிர்வாகக் குழுவினர் தீர்மானம் ஒன்றை நிறைவேற்றி, அதன்மீது என் பரிந்துரையை எதிர்பார்த்திருந்தனர். துணி போதவில்லையெனில் தறியைப் பெருக்குவதுதானே முறை என்று எனக்கும் தோன்றிற்று.

பட்டுவாடா முடிந்து எழுந்த வேளையில், வயது முதிர்ந்த பெண் அங்கத்தினர் ஒருவர் என்னை நிறுத்திக் கேட்டார்: "ஐயா, நூலுக்குக் கணக்கு எழுதுறீங்க; துணிக்குக் கணக்கு எழுதுறீங்க. பாவு வராம தறி சும்மா நிக்குதே, அந்த நாளை எந்தக் கணக்குல எழுதுறீங்க?"

அவருக்கு அன்று விடை கூற என்னால் இயலவில்லை. மூன்றாண்டுகளாக அச்சங்கத்தின் ஏடுகளில் கையொப்பமிட்டு வருபவன் நான். நின்ற தறியை எந்த ஏட்டிலும் நான் தேடியதில்லை. தேடியிருந்தாலும் கண்டிருக்க முடியாது. அதற்கென்று ஒரு பத்தி எங்கும் இல்லை. ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் அக்கேள்வியே உடன் வந்தது. இக்கட்டுரை அவ்வம்மையாருக்கு நான் தரவேண்டியிருந்த விடையாகும்.

இக்கலை யாது?

பல்கலைக்கழகங்களில் இன்று 'செயல்பாட்டு மேலாண்மை' என்னும் பெயரால் ஒரு பாடம் கற்பிக்கப்படுகிறது. நாம் அதனைத் தொழில் நடப்பு நிர்வாகம் என எளிமையாக வழங்கலாம். பெயர் பெரிதாயினும் பொருள் எளியது. எந்தத் தொழிலும் சிலவற்றை உட்கொண்டு, அவற்றின்மீது உழைப்பைச் செலுத்தி, பிறர்க்குப் பயன்படும் ஒன்றாக மாற்றித் தருகிறது. நூலும் சாயமும் உழைப்பும் உட்சென்று சேலையாக வெளிவருதல் உற்பத்தித் தொழில். நோயாளி உட்சென்று நலம்பெற்று வருதலும், அங்கத்தினர் மனுவோடு சென்று கடன்தொகையோடு திரும்புதலும் பணித்தொழில். இம்மாற்றம் எத்தனை படிகளில் நிகழ்கிறது, ஒவ்வொரு படியும் நாளொன்றுக்கு எவ்வளவு செய்யவல்லது, படிக்கும் படிக்கும் இடையே பொருளோ மனிதரோ எவ்வளவு நேரம் காத்து நிற்கின்றனர் என்பவற்றை ஆராய்ந்து ஒழுங்கு செய்வதே இக்கலை.

பணக்கணக்கு ஒரு நாளின் முடிவில் என்ன மிஞ்சிற்று என்பதைக் கூறும். அது ஏன் அவ்வாறு மிஞ்சிற்று என்பதைக் கூறுவது இக்கலை.

இது பெரிய ஆலைகளில் பிறந்தது உண்மையே. அமெரிக்காவில் பிரெடரிக் டெய்லர் என்பவர் வேலையை அளந்து ஆராயும் முறையைப் பற்றி 1911ஆம் ஆண்டு நூல் வெளியிட்டார். 1913இல் ஹென்றி ஃபோர்டின் மோட்டார்த் தொழிற்சாலையில், ஆட்கள் வண்டியைத் தேடிச் செல்லும் முறை போய், வண்டி ஆட்களைத் தேடி நகர்ந்து வரும் முறை ஏற்பட்டது. அதற்குமுன் ஒரு வண்டியின் அடிச்சட்டத்தைப் பூட்டி முடிக்க ஏறக்குறைய 12½ மணி நேர உழைப்பு வேண்டியிருந்தது; ஓராண்டிற்குள் அது 93 நிமிடமாகக் குறைந்தது. தொழிலாளியின் கை பன்மடங்கு விரைவாகிவிடவில்லை. நடப்பதும் தேடுவதும் காத்திருப்பதும் குறைந்தன. இதனை ஆலைக்காரர் செய்தி என்று ஒதுக்கிவிடுதல் கூடாது. நடப்பதும் தேடுவதும் காத்திருப்பதும் நம் நெசவாளர் வீதிகளிலும் உண்டு.

நெசவில் ஒரு கணக்கு

பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், பள்ளிப்பட்டு என நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர்கள் நம்மைச் சூழ இருப்பதால் நெசவின் படிகளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. நூலைச் சாயமிடுதல், இழை சுற்றுதல், பாவு ஓட்டுதல், கஞ்சியிட்டு ஆற்றுதல், தறியில் பிணைத்தல், நெய்தல், மடித்துத் தரம் பார்த்தல் என்பன அவை. மேற்கூறிய சங்கத்தில் ஒவ்வொரு படியாக நின்று எண்ணிப் பார்த்தேன். அங்குக் கண்ட எண்களைச் சற்றே திருத்தி, கணக்கிட எளிய முழு எண்களாக இங்குத் தருகிறேன்.

தறிகள் 60 எனக் கொள்வோம். ஒரு பாவை நெய்து முடிக்க ஒரு நெசவாளருக்கு 12 வேலை நாட்கள் ஆகின்றன. அப்படியாயின் எல்லாத் தறிகளும் ஓயாமல் ஓட நாளொன்றுக்கு 5 பாவுகள் வேண்டும். சாயப்பட்டறை நாளொன்றுக்கு 6 பாவுக்குரிய நூலைத் தரவல்லது. இழை சுற்றுவோர் 7 பாவுக்குச் சுற்றுவர். கஞ்சியிட்டு ஆற்றுவோர் 6 பாவுகளை முடிப்பர். ஆனால் பாவு ஓட்டும் இடத்திலிருந்து நாளொன்றுக்கு 4 பாவுகளே வெளிவருகின்றன.

இதன் விளைவு யாது? நாளொன்றுக்கு 4 பாவுகள் 60 தறிகளுக்குப் பங்கிடப்படுமாயின், ஒரு தறிக்கு ஒரு பாவு கிடைத்தபின் அடுத்தது கிடைக்க 15 நாட்கள் ஆகும். அவற்றுள் 12 நாட்கள் தறி ஓடும். 3 நாட்கள் நிற்கும். மாதத்தில் 25 வேலை நாட்கள் எனில், நெசவாளருக்குக் கூலி கிடைப்பது 20 நாட்களுக்கே. மற்ற 5 நாட்கள் எந்த ஏட்டிலும் ஏறாமல் மறைந்துவிடுகின்றன. அவ்வம்மையார் கேட்டது இந்த 5 நாட்களைப் பற்றியே.

நெசவாளர் மேலும் முயன்று 12 நாள் வேலையை 10 நாட்களில் முடிப்பாராயின் என்னாகும்? சங்கத்தின் உற்பத்தி ஒரு முழமும் கூடாது. பாவு வருவது 15 நாளுக்கு ஒன்றே. 3 நாள் நின்ற தறி இனி 5 நாள் நிற்கும். "சுறுசுறுப்பாக நெய்யுங்கள்" என்று பொதுக்குழுவில் அறிவுரை கூறுகிறோமே, அதனால் பயன் இவ்வளவுதான்.

இனி, கடன் வாங்கி 10 தறிகளைச் சேர்த்தால்? 70 தறிகள் அதே 4 பாவுகளைப் பங்கிட்டுக்கொள்ளும். ஒரு தறியின் சுற்று 15 நாளிலிருந்து 17½ நாளாக நீளும். 3 நாள் காத்திருப்பு 5½ நாளாகும். கூலி கிடைக்கும் நாட்கள் மாதத்திற்கு 20இலிருந்து ஏறக்குறைய 17 ஆகக் குறையும். துணியோ ஒரு முழமும் கூடாது. அதற்குமேல் கடனுக்கு வட்டியும் செலுத்த வேண்டும். நான் பரிந்துரைக்கவிருந்த தீர்மானம் இதுவே என்பதை எண்ணும்போது இன்றும் எனக்கு நாணம் உண்டாகிறது.

குறுகிய மதகு

விவசாய அங்கத்தினர்களுக்கு இவ்வுண்மை புதிதன்று. ஏரியில் நீர் நிறைந்திருக்கலாம். வாய்க்காலை ஆழமும் அகலமும் உடையதாக வெட்டியிருக்கலாம். வயலுக்குப் பாயும் நீரை மதகின் அளவே தீர்மானிக்கிறது. ஒவ்வொரு தொழிலிலும் அத்தகைய குறுகிய மதகு ஒன்று உண்டு. மற்ற இடங்களை எவ்வளவு விரிவாக்கினாலும் தொழிலின் மொத்த அளவு மாறாது. எலியாகு கோல்ட்ராட் என்பவர் 1984இல் இக்கருத்தை ஒரு கதையாகவே எழுதி ஆலை நிர்வாகிகளிடையே பரப்பினார்.

மதகைக் கண்டுபிடிக்க நுண்கருவி எதுவும் வேண்டுவதில்லை. எதற்கு முன்னால் சரக்கு குவிந்து கிடக்கிறதோ, எதற்குப் பின்னால் ஆட்கள் வேலையின்றி அமர்ந்திருக்கிறார்களோ, அதுவே மதகு. அச்சங்கத்தில் பாவு ஓட்டும் கூடத்தின் மூலையில் சுற்றிய இழை குவிந்து கிடந்தது. வீதியில் தறிகள் நின்றன. இரண்டையும் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சேர்த்துப் பார்த்ததில்லை.

மதகைக் கண்டபின் உடனே புதிய சாதனம் வாங்க முற்படுதல் தவறு. இருப்பதன் நேரம் எங்கே போகிறது என்று முதலில் காணவேண்டும். நம் கணக்கில் ஒரு பாவை ஓட்ட உண்மையில் 1½ மணி நேரமே போதும். 4 பாவுக்கு 6 மணி. வேலை நேரமோ 8 மணி. எஞ்சிய 2 மணி நேரம் எங்கே? காலையில் உரிய நிறத்து இழை கைக்கு வராமையால் சிறிது. உணவு வேளையில் மாற்றாள் இல்லாமையால் சிறிது. ஒரு நிறக்கட்டத்திலிருந்து மற்றொன்றிற்கு மாறி மாறி ஓட்டுவதால் சிறிது. மறுநாளுக்கு வேண்டிய இழையை முதல்நாள் மாலையே எடுத்து வைத்தல், உணவு வேளைக்கு மற்றொருவரைப் பழக்குதல், ஒரே நிறக்கட்டம் கொண்ட பாவுகளை அடுத்தடுத்து ஓட்டுதல் என்னும் மூன்று ஏற்பாடுகளால் அந்த 2 மணியில் 1½ மணியை மீட்டால் ஐந்தாவது பாவு கிடைத்துவிடும். இதற்குக் கடன் வேண்டா, தீர்மானமும் வேண்டா.

ஆயினும் ஒன்று நினைவிருக்கட்டும். வேண்டுவது 5, வருவது 5 எனச் சரியாக அமைந்துவிட்டால் போதும் என்று எண்ணலாகாது. ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்தால் தெருவில் பாவு ஆற்ற முடியாது. ஓட்டுபவருக்குக் காய்ச்சல் வரலாம். சாயம் ஒருநாள் தாமதிக்கலாம். முழுத்திறனுக்கு மிக அருகில் இயங்கும் இடத்தில் சிறு தடுமாற்றமும் பெருங்காத்திருப்பாக வளரும். டென்மார்க் நாட்டு அறிஞர் எர்லாங் என்பவர் தொலைபேசி அழைப்புகளின் வருகையைக் கணிதத்தால் ஆராய்ந்து 1909இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வரிசைகளைப் பற்றிய இந்த ஆராய்ச்சி வளர்ந்தது. ஆதலால் மதகுக்குப் பின்னால் சில பாவுகளைச் சேமித்து வைத்தல் அறிவுடைமை. மழைக்காலத்திற்குமுன் அச்சேமிப்பைச் சிறிது கூட்டிக்கொள்வதும் முறையே.

முடங்கும் நூலும் முடங்கும் பணமும்

சேமிப்பு நல்லதெனில் நிறையச் சேமிக்கலாமே என்பர் சிலர். இங்கும் கணக்கே வழிகாட்ட வேண்டும். சங்கம் நாளொன்றுக்கு ரூ. 20,000 மதிப்புள்ள நூலைச் செலவிடுவதாகக் கொள்வோம். 45 நாளுக்குரிய நூலை வைத்திருந்தால் ரூ. 9 லட்சம் அலமாரியில் முடங்குகிறது. 20 நாளுக்கு வைத்திருந்தால் ரூ. 4 லட்சம். வித்தியாசமாகிய ரூ. 5 லட்சத்திற்கு நூற்றுக்குப் பத்து வட்டி எனினும் ஆண்டுக்கு ரூ. 50,000 வீணாகும். மாறாக, நூல் தீர்ந்து ஒருநாள் சாயப்பட்டறை நிற்குமாயின் அதன் விளைவு வீதி முழுவதும் பரவும்.

எவ்வளவு வைப்பது? நூலுக்கு எழுதியபின் வந்துசேர 10 நாட்கள் ஆகுமெனில் அந்த 10 நாள் செலவுக்குரியது. எதிர்பாராத தாமதத்திற்கென்று 5 நாளுக்குரியது. ஆக 15 நாள் நூல். இருப்பு இந்த அளவுக்கு இறங்கியவுடன் அடுத்த ஆணையை அனுப்பிவிடவேண்டும். 'தீரப்போகிறது' என்று கிடங்குக்காரர் கூறும்வரை காத்திருப்பதும், விலை ஏறிவிடும் என்று அஞ்சிக் கண்டபடி வாங்கிக் குவிப்பதும் கணக்கற்ற செயல்கள். மேலும், இருப்பில் நூல் உண்டு என்பது போதாது. வேண்டிய எண்ணுக்குரிய நூல் உண்டா என்று பார்த்தல் வேண்டும். 60ஆம் எண் நூல் மலைபோல் இருக்க 80ஆம் எண் நூலுக்காகத் தறிகள் நின்ற கதை பல சங்கங்களில் உண்டு.

பிழை கண்ட இடத்தில் நிறுத்துதல்

மோட்டார் வண்டிகளுக்குப் பெயர்பெற்ற ஜப்பானிய டொயோட்டா நிறுவனம் ஒரு தறிக்காரரின் குடும்பத்தில் தோன்றியது என்பதை நம் நெசவாளர்கள் பெருமிதத்தோடு அறியலாம். சாகிச்சி டொயோடா என்பவர் தச்சர் ஒருவரின் மகன். தறிகளைத் திருத்துவதிலேயே வாழ்நாளைச் செலவிட்ட அவர், 1924இல் தானியங்கித் தறி ஒன்றை நிறைவு செய்தார். ஓடும்போதே அதன் நாடா தானே மாறிக்கொள்ளும்; பாவிழை ஒன்று அறுந்தால் தறி தானே நின்றுவிடும். அதன் காப்புரிமையை 1929இல் இங்கிலாந்தின் பிளாட் சகோதரர்கள் நிறுவனம் விலைகொடுத்துப் பெற்றது. சாகிச்சியின் மகன் கீச்சிரோ 1937இல் மோட்டார் நிறுவனத்தை அமைத்தார். அங்கு உற்பத்தி முறையை வகுத்த தைச்சி ஓனோ என்பவரும் முதலில் அவர்களுடைய நூற்பு நெசவு ஆலையில் பணியாற்றியவரே. அறுந்த இழையைக் கண்டதும் நிற்கும் தறியின் இயல்பு, பிழை கண்டால் வேலையை நிறுத்தி அங்கேயே திருத்துக என்னும் விதியாக மோட்டார்த் தொழிலுக்குச் சென்றது.

நம் சங்கங்களில் தரம் பார்ப்பது பெரும்பாலும் மடிப்பு மேசையில். சாயம் ஒருபுறம் வெளுத்திருப்பது அங்கே தெரிகிறது. அதற்குள் அந்நூலின்மீது சுற்றுவோர், ஓட்டுவோர், ஆற்றுவோர், நெய்வோர் ஆகிய அனைவரின் உழைப்பும் ஏறிவிடுகிறது. சாயப்பட்டறை வாயிலிலேயே ஒரு சிட்டத்தைப் பகல் வெளிச்சத்தில் மாதிரியோடு ஒப்பிட்டிருந்தால் மீண்டும் ஒருமுறை சாயமிடும் செலவோடு தீர்ந்திருக்கும். இதில் மற்றொரு நீதியும் உண்டு. பிழை எங்கோ நிகழ, கழிவுத்தொகை நெசவாளரின் கூலியில் பிடிக்கப்படுகிறது. பிழையைத் தோன்றிய இடத்தில் காணும் முறை இருப்பின் குற்றமற்றவர் தண்டிக்கப்படார்.

விளைவிப்போர்க்கு

திருவாலங்காட்டில் உள்ள திருத்தணிக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு தரும் அங்கத்தினர்கள் 'வெட்டு உத்தரவு' என்பதை நன்கறிவர். நம் கரும்பை நாம் வெட்ட ஆலையின் உத்தரவு ஏன் என்று சிலர் முணுமுணுப்பதும் உண்டு. காரணம் இக்கட்டுரையில் முன்னரே வந்துவிட்டது. ஆலையின் அரைக்கும் திறனே அங்கு மதகு. எல்லாரும் ஒரே வாரத்தில் வெட்டினால் வண்டிகள் ஆலை வாயிலில் நாட்கணக்காக நிற்கும். வெட்டிய கரும்போ நூலைப்போல் காத்திருக்காது. நேரம் செல்லச் செல்ல எடையும் குறையும், சர்க்கரைச் சத்தும் குறையும். ஆகவே நடவு செய்த தேதியையும் முதிர்ச்சியையும் பார்த்து, அரைக்கும் அளவுக்கு ஏற்ப வெட்டும் நாளைப் பகிர்ந்தளிக்க வேண்டியுள்ளது. வயலில் நிற்கும் கரும்பு காத்திருக்கும். வெட்டிய கரும்பு காத்திருக்காது. காத்திருப்பு தவிர்க்க இயலாததாயின் அது எந்த இடத்தில் நிகழ்ந்தால் இழப்புக் குறைவு என்று தேர்ந்தெடுப்பதும் நிர்வாகமே. பால், காய்கறி, பூ முதலியவற்றுக்கும் இதுவே விதி.

பணித்தொழில்கள்

துணியை நெய்து வைத்து நாளை விற்கலாம். இன்று செய்யாத பணியை நாளைக்குச் சேமித்து வைக்க முடியாது. காலை முழுதும் ஆளின்றி இருந்த பணமேசையின் நேரம் மாலைக் கூட்டத்திற்கு உதவாது. அன்றியும், பணித்தொழிலில் காத்து நிற்பது சரக்கன்று, மனிதர். இவ்விரண்டுமே பணித்தொழிலை உற்பத்தித் தொழிலினின்றும் வேறுபடுத்துவன.

ஆடிக் கிருத்திகையன்று தணிகை மலையைப் பார்த்தோர் இதனை எளிதில் உணர்வர். 365 படிகளிலும் காவடிகள். தமிழகத்தினின்றும் ஆந்திரத்தினின்றும் வரும் கூட்டம். படிகள் எவ்வளவு பேரை ஏற்றினாலும் சன்னதி வாயில் நிமிடத்திற்குக் குறிப்பிட்ட தொகையினரையே விடும். கணக்குக்காக அதனை 40 பேர் என்போம். வரிசையில் 4,800 பேர் இருந்தால் கடைசியில் நிற்பவர் 120 நிமிடம் காத்திருக்க வேண்டும். இருப்போர் தொகையை நிமிடத்திற்குச் செல்வோர் தொகையால் வகுத்தால் காத்திருக்கும் நேரம் வரும். ஜான் லிட்டில் என்னும் அமெரிக்க அறிஞர் 1961இல் நிறுவிய விதியின் சாரம் இதுவே. மேலே நாம் 60 தறிகளை 4 பாவுகளால் வகுத்து 15 நாள் எனக் கண்டதும் இவ்விதியே. படிகளை அகலமாக்கினால் பக்தர்கள் விரைவில் மேலே சேர்வர். தரிசனம் விரைவில் கிடைக்காது. வருகையைப் பகிர்ந்தமைத்தல் மற்றொரு வழி. அண்மையில் உள்ள திருமலையில் சிறப்பு நுழைவுத் தரிசனத்திற்கு நேரம் குறித்த சீட்டுகள் வழங்குவது இதன்பொருட்டே.

நம் சங்க அலுவலகங்களில் கூலிப் பட்டுவாடா, நூல் தருதல், துணி பெறுதல் ஆகிய மூன்றையும் சனிக்கிழமை ஒன்றிலேயே வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. அன்று அங்கத்தினர் அரைநாள் நிற்கின்றனர்; மற்ற நாட்களில் எழுத்தர் ஓய்ந்திருக்கிறார். வீதிவாரியாக நாளைப் பிரித்தால் செலவு ஒன்றுமின்றி அந்த அரைநாள் தறிக்குத் திரும்பும். மேசைகள் இரண்டிருப்பின் தனித்தனி வரிசைகளைவிட ஒரே வரிசையாக நின்று, எந்த மேசை ஒழிகிறதோ அங்குச் செல்லும் முறை சிறந்தது; ஒருவர் விவகாரம் நீண்டாலும் அவர் பின்னால் நிற்போர் மட்டும் அகப்பட்டுக்கொள்ள மாட்டார்கள். நம்முடையது எல்லைப்புற வட்டாரம். அங்கத்தினருள் தெலுங்கு மட்டும் படிக்கத் தெரிந்தோரும் உளர். மனுவோடு கொணர வேண்டிய ஆவணங்களின் பட்டியலை இரு மொழியிலும் எழுதி வாயிலில் மாட்டினால், ஒரு தாளை மறந்து மீண்டும் ஒருநாள் வரும் நடை மிச்சமாகும். வீண்நடையும் காத்திருப்பே.

பணித்தொழிலில் இக்கலையின் சிறந்த சான்று தமிழ்நாட்டிலேயே உள்ளது. அரசுப்பணியினின்றும் ஓய்வுபெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்புரை அறுவைக்குத் தேர்ந்த மருத்துவரின் நேரமே அங்கு மதகு என்பதை அவர்கள் உணர்ந்தனர். ஆகவே அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள் அமைத்தனர். ஒன்றில் அறுவை நடக்கும்போதே மற்றொன்றில் அடுத்த நோயாளியைச் செவிலியர் ஆயத்தம் செய்துவிடுவர். மருத்துவர் திரும்பினால் போதும். மருத்துவரே செய்யவேண்டுவதல்லாத வேலைகள் அனைத்தையும் பயிற்சிபெற்ற இளம்பெண்கள் ஏற்றனர். அவர்களுள் பெரும்பாலோர் சிற்றூர்களினின்றும் வந்தவர்கள். இவ்வொழுங்கினால் மிச்சமான செலவே ஏழைகள் பலருக்குக் கட்டணமின்றிப் பார்வை தர உதவிற்று. பாவு ஓட்டுபவருக்கு முதல்நாளே இழையை எடுத்து வைப்பதும், மருத்துவருக்கு இரண்டாவது மேசையை ஆயத்தம் செய்வதும் ஒரே செயல் என்பதை வாசகர் கண்டுகொள்வர்.

தொடங்கும் வகை

இவற்றைத் தொடங்க நிபுணர் வேண்டுவதில்லை. கீழ்க்காணும் ஐந்தும் போதுமானவை.

1. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, தறி எண், பாவு முடிந்த நாள், அடுத்த பாவு கிடைத்த நாள், தாமதத்தின் காரணம் என நான்கு பத்திகள் இடுக. இரண்டு மாதம் தவறாமல் எழுதுக.

2. ஒவ்வொரு படியிலும் ஒருநாள் முழுதும் இருந்து, எவ்வளவு வேலை நடந்தது என்று எண்ணுக. பிறர் சொல்லக் கேட்டு எழுதற்க.

3. மதகைக் கண்டு, அதன் வீண்நேரத்தை முதலில் மீட்க. மற்ற படிகள் மதகின் வேகத்திற்கே இசைந்து நடக்கட்டும். அதற்குமேல் செய்து குவிப்பது பணத்தை முடக்குவதேயாகும்.

4. தரம் பார்ப்பதை மடிப்பு மேசைக்கு மட்டும் விடாது, ஒவ்வொரு படியின் வாயிலிலும் வைக்க.

5. ஒரு மதகு அகன்றதும் வேறோர் இடம் மதகாகும். ஆகவே மீண்டும் எண்ணுக. இது ஒருமுறை செய்து முடிக்கும் வேலையன்று.

ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். வேலையை அளப்பது என்றவுடன், தம்மை விரட்டுவதற்கே அளக்கின்றனர் என்று தொழிலாளர் ஐயுறுவது இயல்பு. பல ஆலைகளில் அவ்வாறு நடந்ததும் உண்டு. நம் சங்கங்களில் அளப்பவரும் அளக்கப்படுபவரும் ஒரே அங்கத்தினரே. நாம் அளக்கவேண்டுவது மனிதரின் விரைவையன்று. அவர் காத்து நிற்கும் நேரத்தை. நோட்டுப் புத்தகத்தைச் செயலாளர் பூட்டி வைக்காமல், எல்லாரும் பார்க்கும்படி மேசைமேல் வைத்தல் நலம்.

இனி, அச்சங்கத்தின் செய்தி. கடன் தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. பாவு ஓட்டும் கூடத்தில் உணவு வேளைக்கு ஒருவர் பழக்கப்பட்டார். மறுநாள் இழை மாலையிலேயே எடுத்து வைக்கப்படுகிறது. தறிகள் நிற்பதே இல்லை என்று நான் கூறமாட்டேன். மழைக்காலத்தில் நின்றன, சாயம் தாமதித்தபோதும் நின்றன. ஆனால் நின்ற நாள் இப்பொழுது எழுதப்படுகிறது. எழுதப்படுவதால் பொதுக்குழுவில் பேசப்படுகிறது. பேசப்படுவதால் குறைந்து வருகிறது. நெசவை விட்டு வேறு வேலைக்குச் செல்லும் இளைஞர்களிடம் காரணம் கேட்டால் கூலி குறைவு என்பர். கூலி விகிதத்தை உயர்த்துவது ஒரு சங்கத்தின் கையில் மட்டும் இல்லை. கூலியற்ற நாட்களைக் குறைப்பதோ பெரிதும் நம் கையிலேயே உள்ளது.

நம் மாவட்டத்தைச் சேர்ந்த திரூரில் 1904இல் தொடங்கிய வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் இந்நாட்டில் முதலாவதாகப் போற்றப்படுகிறது. அன்றுமுதல் நூற்றிருபது ஆண்டுகளுக்குமேல் பணத்தின் கணக்கை ஒழுங்காக எழுதக் கற்றிருக்கிறோம். காலத்தின் கணக்கையும் அதே கவனத்தோடு எழுதத் தொடங்குவோமாக. சென்ற மாதம் அச்சங்கத்திற்குச் சென்றபோது முதலில் நான் கேட்டு வாங்கியது அந்த நான்கு பத்தி நோட்டுப் புத்தகத்தைத்தான். ரொக்கப் புத்தகத்தைப் பிறகு பார்த்தேன்.